முதல் அங்கம் எவருடைய கண்?

பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து உயர்தர வகுப்புகளுக்கு வரும் மாணவருடன் பழகுவோர் இன்று ஒரு விவாதத்தைச் செவிமடுத்திருப்பர். ஜப்பானிலிருந்து வரும் ‘அனிமே’ எனப்படும் சித்திரத் தொடர் ஒன்றை அதன் முதல் அங்கத்தைக் கொண்டே எடைபோட்டுவிடலாமா, அன்றி இரண்டு மூன்று அங்கங்கள் பொறுத்திருந்து பார்த்த பின்னரே தீர்ப்புக் கூற வேண்டுமா என்பதே அவ்விவாதம். ஒரு சாரார் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கின்றனர். மறு சாராரோ, அரிசியை உலையிலிட்ட கணத்திலேயே பதம் பார்க்கப் புறப்படுபவன் பட்டினிதான் கிடப்பான் என்று விடையிறுக்கின்றனர்.

இதனை விளையாட்டுப் பிள்ளைகளின் வீண்பேச்சு என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. இலக்கிய வகுப்பில் பேசத்தக்க விஷயமா இது என்று கேட்கும் ஆசிரிய நண்பர்கள் உளர். அவர்களுக்கு நாம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். எண்பதுகளில் ரூபவாகினியில் ‘ஒஷின்’ என்ற ஜப்பானியத் தொடர் ஒளிபரப்பானபோது, நம் நாட்டில் சிங்களவர் தமிழர் என்ற வேறுபாடின்றி அதனைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள் ஏராளம். ஒரு மூடை அரிசிக்காக ஏழு வயதில் வேலைக்காரியாக அனுப்பப்பட்ட சிறுமியின் கதை அது. சித்திரத் தொடரன்று, நடிகர்கள் நடித்தது. எனினும் தூர தேசத்து ஏழைச் சிறுமி ஒருத்தியைத் தம் வீட்டுப் பிள்ளையாகக் காண மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. அன்று தாயர் பார்த்ததை மதித்த நாம், இன்று பிள்ளைகள் பார்ப்பதை இகழ்வது முறையாகாது. மக்கள் எதை நாடுகிறார்களோ அதை ஆராய்வதே விமர்சகனின் கடமை.

முதலில், முதல் அங்கத்தோடு தீர்ப்புக் கூறிவிடும் மாணவரின் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். அவர்களைப் பொறுமையற்ற தலைமுறை என்று பழிப்பது எளிது. ஆனால் லயத்துக் காம்பராவொன்றில் அண்ணன், தங்கை, தாய் ஆகிய மூவரும் ஒரே கைத்தொலைபேசியைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், இருபத்துநான்கு நிமிட அங்கமொன்று என்பது டேட்டாவுக்குக் கொடுக்கும் காசு. அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய நேரம். விடியற்காலையில் எழ வேண்டியவரின் உறக்கம். மூன்று அங்கம் பொறுத்துப் பார் என்று அறிவுரை கூறுபவர், மூன்று அங்கத்துக்கு ஆகும் செலவைத் தாம் தருவதில்லை. ஆகவே முதல் அங்கத்திலேயே நிறுத்திக்கொள்வது பல வேளைகளில் ரசனைக் குறைவன்று, இல்லாதவரின் கணக்கு. இதனை மனத்திற்கொள்ளாமல் நிகழ்த்தப்படும் ரசனைப் பிரசங்கம் எதுவும் வசதி படைத்தோரின் பிரசங்கமாகவே முடியும்.

ஆனால் இந்தக் கணக்கை நன்கு அறிந்த இன்னொருவரும் இருக்கிறார். அவர்தாம் வியாபாரி. பார்ப்பவன் முதல் அங்கத்தில் நிற்பான் அல்லது போய்விடுவான் என்பதை அவர் அறிவார். எனவே முதல் அங்கத்தைத் தூண்டிலாகச் சமைக்கிறார். இந்தத் தொழிலின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் இது விளங்கும். 1963 ஜனவரி முதலாம் திகதி ஒசாமு தெசுக்காவின் ‘அஸ்ட்ரோ போய்’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் வாராந்தத் தொடராக வெளிவரத் தொடங்கியது. ஆக்கச் செலவுக்கும் குறைந்த விலைக்கு அங்கங்களை விற்று, பொம்மைகளாலும் பிற பொருள்களாலும் அந்த நட்டத்தை ஈடுசெய்யும் முறை அதனோடு வேரூன்றியது. அந்த மலிவு விலையின் சுமை படம் வரையும் தொழிலாளியின் முதுகில் இறங்கியது என்பதை ஜப்பானிய விமர்சகர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். இடைப்பட்ட அசைவுகளை வரைவோருக்குத் தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் வழக்கம் இன்றும் அத்தொழிலில் நிலவுகிறது. கொழுந்தின் கிலோக் கணக்கில் முழுப்பேரும் அரைப்பேரும் விழும் நம் தோட்டத்துப் பிள்ளைக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவள் திரையில் காணும் ஒவ்வொரு அசைவுக்கும் பின்னால் ஒரு நிறுவைத் தராசு இருக்கிறது.

இன்று உலகப் புகழ் பெற்ற இஸாவோ தக்காஹாத்தாவும் ஹயாவோ மியாசாக்கியும் அறுபதுகளில் ‘தோயெய்’ சித்திரப்பட நிறுவனத்தில் தொழிற்சங்கப் பொறுப்பில் நின்று போராடியவர்கள். அந்த நட்பிலிருந்தே அவர்களுடைய பின்னைய படைப்புகள் பல பிறந்தன. அனிமே என்றதும் பளபளப்பான கண்களும் வாட்போரும் மாத்திரமே நினைவுக்கு வருபவர்கள் இதனையும் அறிந்திருத்தல் நன்று.

முதல் வரவேற்பு எவ்வளவு பிழையான தராசு என்பதற்கு 1974ஆம் ஆண்டே சாட்சி. அவ்வாண்டு ஒக்டோபரில் தொடங்கிய ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ’, அதே கிழமை அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ‘ஹைடி’ தொடரோடு போட்டியிட்டுத் தோற்று, 26 அங்கங்களோடு முடிக்கப்பட்டது. 1979இல் வந்த ‘கண்டாம்’ 52 அங்கங்களாகத் திட்டமிடப்பட்டு, பார்ப்போர் தொகை போதாதென்று 43இல் முடிக்கப்பட்டது. இவ்விரண்டும் மறு ஒளிபரப்பிலேயே மக்களின் பேரன்பைப் பெற்றன. பிறிதொரு பக்கம், 2011இல் வந்த ‘மடோக்கா மஜிக்கா’ தன் முதலிரு அங்கங்களிலும் இனிப்பு மிட்டாய் போன்ற சிறுமியர் கதையாக நடித்து, மூன்றாம் அங்கத்திலேயே தன் கொடிய முகத்தைக் காட்டியது. மூன்று அங்கம் பொறுக்க வேண்டும் என்ற சூத்திரத்துக்கு ஆதாரம் காட்டுவோர் இதனையே பெரிதும் எடுத்துரைப்பர். ஆக, சுவையை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டால் முதல் அங்கம் நம்மைப் பலமுறை ஏமாற்றும். தூண்டில் புழு கொழுத்திருப்பது குளத்தின் வளத்துக்குச் சான்றாகாது.

அப்படியாயின் முதல் அங்கத்துக்கு முக்கியத்துவமே இல்லையா? உண்டு, மிக உண்டு. ஆனால் அது விவாதிக்கும் இரு சாராரும் தேடுகிற இடத்தில் இல்லை என்பதே நமது கருத்து. கதை சுவைக்குமா என்பதை முதல் அங்கம் உறுதியாகச் சொல்லாது. கதை எவருடைய கண்ணால் காணப்படப் போகிறது, எவருடைய புண் புண்ணாக மதிக்கப்படப் போகிறது, எவர் வெறும் பின்னணிக் காட்சியாக விடப்படப் போகிறார் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னின் முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையை நாம் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனின் கண்ணால் காண்கிறோம். அந்தக் கணமே நாமும் குதிரைமேல் ஏறிவிடுகிறோம். நெடுங்கதை முடியும்வரை பெரும்பாலும் இறங்குவதேயில்லை. இதற்கு மாறாக, புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கொடுமையைச் சொல்ல வந்த அக்கதை, தோட்டத்தில் தொடங்கவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியில் தொடங்குகிறது. தோட்டத்தில் தொடங்கியிருந்தால் மருதி ஒரு கூலிக்காரி. ஊரில் தொடங்கியதால் அவள் வஞ்சிக்கப்பட்ட ஒரு மனுஷி. தொடக்கம் மாறினால் மனிதரின் பெயரே மாறிவிடுகிறது.

இந்த நோக்கோடு ‘ஹைடி’யின் முதல் அங்கத்தைப் பார்ப்போம். யொஹானா ஸ்பீரியின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலைத் தக்காஹாத்தா 1974இல் 52 அங்கங்களாக இயக்கினார், காட்சியமைப்பு மியாசாக்கியினுடையது. வெயிலில், இருக்கும் உடுப்புகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மலையேறுகிறாள். அழைத்துச் செல்பவள் சின்னம்மா. அவளுக்குப் பிராங்பேர்ட் நகரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. ஆகவே ஊரே அஞ்சும் பாட்டனிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போகப் போகிறாள். வழியில் சிறுமி உடுப்புகளைக் களைந்தெறிந்துவிட்டு ஆட்டுக்காரப் பையனோடு துள்ளி ஓடுகிறாள்.

மலையழகைப் பார்க்க வந்தவர் அந்த ஓட்டத்தை மாத்திரம் பார்ப்பார். நம் மாணவி பார்ப்பது வேறாக இருக்கும். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போய்விட, அம்மாயியிடமோ அப்பாயியிடமோ வளரும் பிள்ளைகள் ஊவாவின் தோட்டங்களில் எத்தனை பேர்! பிள்ளையைச் சுமையாக்கியது சின்னம்மாவின் கல்நெஞ்சமா, நகரத்துக் கூலியா? தக்காஹாத்தா இதற்கு விடை சொல்லவில்லை. ஆனால் கேள்வியை முதல் அங்கத்திலேயே வைத்துவிடுகிறார். மலை அழகாயிருக்கிறது, அம்மலையில் பிழைப்பு இல்லை என்ற இரண்டையும் ஒருசேரச் சொல்கிறார். நேர்மையான முதல் அங்கம் என்பது இதுவே. அதில் அதிர்ச்சி இல்லை, மர்மம் இல்லை, காரணம் இருக்கிறது.

இனி, இன்றைய மாணவர் பெரிதும் போற்றும் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ தொடருக்கு வருவோம். ஹஜிமே இசயாமாவின் சித்திரக்கதையைத் தழுவி 2013 முதல் 2023 வரை வெளிவந்த தொடர் இது. அதன் முதல் அங்கம் தூண்டில் கலையின் உச்சம் எனலாம். பெருஞ்சுவர்களுக்குள் வாழும் மக்கள். சுவரை உடைத்துக்கொண்டு வரும் மனிதந்தின்னும் அரக்கர். மகனின் கண்முன்னே தாய் விழுங்கப்படுதல். தாயின் சாவைக் காட்சிப் பொருளாக்கிப் பார்ப்பவனைப் பிணைக்கும் அந்த உத்தி நமக்கு உவப்பானதன்று. எனினும் அந்த அங்கம் நம்மிடம் ஓர் உறுதியை வாங்கிக்கொள்கிறது: சுவருக்குள் இருப்போர் மனிதர், வெளியே இருப்பவை அரக்கர், பழிவாங்குதல் நியாயம். இந்த உறுதியோடுதான் நாம் ஆண்டுக்கணக்காகத் தொடரைப் பின்தொடர்கிறோம்.

பின்னர், 2020 டிசம்பரில் இறுதிப் பருவத்தின் முதல் அங்கம் வருகிறது. அதில் நாம் அறிந்த எவரையும் நடுவில் காணவில்லை. கடலுக்கு அப்பால், பகைவர் நாட்டில், கையில் பட்டி கட்டப்பட்டு அடைப்பிடத்தில் வாழும் சிறுவர் சிறுமியர் வருகின்றனர். அவர்களுடைய கண்ணில், நாம் இதுவரை அன்புகாட்டிய சுவர்வாசிகளே அரக்கர்! கதை மீண்டும் தொடங்குகிறது, ஆனால் மறுபுறத்திலிருந்து. 2022இல் வந்த வேறோர் அங்கத்தில், அனைத்துக்கும் மூலகாரணியாக யுமிர் என்ற ஓர் அடிமைப்பெண் காட்டப்படுகிறாள். அவள் பெற்ற பேராற்றல் அரசனுக்காகத் தரிசைப் பண்படுத்தவும், பாதை அமைக்கவும், பாலம் கட்டவும், போர் புரியவும் பயன்படுகிறது. அவளோ இறுதிவரை அடிமை. முதல் அங்கத்தின் தலைப்பில் குறிக்கப்பட்ட ‘இரண்டாயிரம் ஆண்டுகள்’ அவளுடைய அடிமைக் காலத்தையே சுட்டியது என்பது அப்பொழுதுதான் நமக்குப் புலனாகிறது.

இத்தொடரில் நாம் ஏற்க முடியாத அம்சங்கள் உண்டு. பகையின் வேரை நிலத்திலும் ஆட்சியிலும் தேடுவதை விட்டு, இரத்தத்திலும் விதியிலும் தேடும் மயக்கம் அதில் மலிந்திருக்கிறது. ஐரோப்பிய யூதர் பட்ட உண்மைத் துன்பத்தின் அடையாளங்களைக் கடன் வாங்கிய அளவுக்கு, அத்துன்பத்தின் வரலாற்றுக் காரணங்களை அது ஆராயவில்லை. எனினும் ஒரு பெருந்துணிவு அதற்கு உண்டு. தன் முதல் அங்கம் கற்பித்த பகையைத் தானே எதிர்த்து நின்று, கதையை இரண்டாம் முறையாகத் தொடங்கும் துணிவு அது.

இதே துணிவை இன்னும் தெளிந்த வடிவில் ‘வின்லாந்து சாகா’வில் காண்கிறோம். மக்கோத்தோ யுக்கிமுராவின் சித்திரக்கதையிலிருந்து உருவான இத்தொடரின் முதற் பருவம் 2019இல் வந்தது. பதினோராம் நூற்றாண்டின் கடற்போர் வீரரைப் பற்றியது. தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கத் துடிக்கும் தோர்பின் என்ற இளைஞனே நாயகன். 2023 ஜனவரியில் இரண்டாம் பருவம் தொடங்கியபோது, வாட்போரை எதிர்பார்த்தவர்கள் முதல் அங்கத்தில் கண்டது என்ன? ஐனார் என்ற ஓர் ஆங்கிலேய உழவனை. அவன் ஊர் தீக்கிரையாகிறது, குடும்பம் அழிகிறது, அவன் விலங்கிடப்பட்டுக் கடல் கடந்து விற்கப்படுகிறான். நாயகன் தோர்பின் அங்கத்தின் கடைசியிலேயே வருகிறான், அவனும் அடிமை. முதற் பருவத்தில் வீரர்கள் ஊர்களைச் சூறையாடியபோது ஓரத்தில் ஓடி மறைந்தவர்களில் ஒருவன் இப்பொழுது கதையின் கண்ணாகிறான்.

அதன் பின் வருவது நம்மவருக்கு மிக நெருங்கிய கதை. பண்ணைக்காரன் கெட்டில் இருவரையும் காட்டை அழித்துக் கோதுமை பயிரிடச் சொல்கிறான். விளைவதை அவனுக்கே விற்று, தம் விலையைத் தாமே சம்பாதித்து விடுதலை பெறலாம் என்பது ஏற்பாடு. மரத்தை வீழ்த்தி, வேரைத் தோண்டி, கல்லைப் பொறுக்கி அவர்கள் நிலத்தைத் திருத்தும் காட்சிகள் ஆறஅமர வருகின்றன. கெட்டில் நல்லவன், சிரித்த முகத்தினன். துண்டுக் கடனில் தொடங்கி வாழ்நாள் முழுதும் கங்காணியின் கணக்கில் கிடந்த நம் முன்னோர் இந்த ஏற்பாட்டை உடனே அடையாளம் கண்டிருப்பர். ‘நல்ல தொரை’ என்ற சொல்லும் அவர்களுக்குப் புதிதன்று. நல்ல எசமானின் நன்மை எதுவரை என்பதையும் இத்தொடர் மறைக்கவில்லை. தன் உடைமை தப்பியோட முயன்றபோது, அதே கெட்டில் கருவுற்ற அடிமைப்பெண் ஆர்ன்ஹெய்டை அடித்து உயிர் போக்குகிறான். தனிமனிதரின் குணத்தை விட உடைமை உறவே வலியது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய ஜனரஞ்சகக் கதைகள் சிலவே.

வாள் இல்லை, வேகம் இல்லை என்று இரண்டாம் பருவத்தின் முதல் அங்கத்தோடு இதனைக் கைவிட்ட மாணவர்களை நாம் அறிவோம். அவர்களிடம் நாம் கூறுவது இதுதான்: நீங்கள் எதிர்பார்த்த வீரன் வரவில்லை என்பதற்காக, வந்திருக்கும் உழவனைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவன் உங்கள் பாட்டனாராக இருக்கலாம்.

இத்துணையும் கூறிய பின்னர் நம் ஊவாவின் பக்கம் திரும்பாமல் இருப்பதெங்ஙனம்? ஊவாவைப் பற்றி உலகுக்குக் காட்டப்படும் எந்தப் படத்துக்கும் ஒரே முதல் அங்கம்தான். பனிமூட்டம், எல்ல – தெமோதரைக்கிடையே ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் ரயில், பச்சைச் சரிவில் கூடை சுமந்த ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குக் கை உண்டு, முதுகு உண்டு, புன்னகை உண்டு. பெயர் இல்லை, பேச்சு இல்லை. 1924இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது என்று வழிகாட்டி நூல்கள் எழுதும். பாதை போட்ட கை எவருடையது என்று எழுதுவதில்லை. பாலமும் பாதையும் போட்ட யுமிரின் கதையை ஜப்பானியச் சித்திரத்தில் கண்டு வியக்கும் நம் மாணவன், தெமோதரையில் ரயிலிலிருந்து வெளியே பார்க்கும்போது அதே வியப்பை அடைகிறானா என்பதே நமது கேள்வி.

செய்தித்தாள்களின் முதல் அங்கமும் இத்தகையதே. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியபோது, உலகத்தைப் பொறுத்தவரை மீரியபெத்தையின் கதை அன்றுதான் தொடங்கிற்று. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்ட எச்சரிக்கைகள் முந்திய அங்கங்கள். அவற்றைப் பார்த்தவர் சிலரே. கதையை மண்சரிவில் தொடங்கினால் குற்றவாளி மழை. எச்சரிக்கையில் தொடங்கினால் குற்றவாளிகள் மனிதர். இத்தனைக்குப் பிறகும் தொடக்கம் என்பது வெறும் உருவப் பிரச்சினை என்று எவரேனும் கூறுவரா?

இதனினும் நுட்பமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊவாவின் சிங்களக் கிராமவாசிக்கு ஒரு முதல் அங்கம் உண்டு. 1817 – 18இல் ஊவா – வெல்லஸ்ஸையின் கிளர்ச்சியை ஆங்கிலேயர் நெருப்பாலும் வாளாலும் அடக்கினர், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் உறுதிப் பத்திரம் காட்ட முடியாத நிலங்களையெல்லாம் அரசுக்கு உரியனவாக்கிற்று, அந்நிலங்கள் தோட்டங்களாயின. அவன் கண்ணில் தோட்டத் தொழிலாளி பறிபோன நிலத்தின்மேல் வந்து குடியேறியவன். தோட்டத் தமிழருக்கும் ஒரு முதல் அங்கம் உண்டு. பஞ்சமும் சாதிக்கொடுமையும் துரத்த, மன்னார்க் காட்டுவழியில் சாகக் கிடந்தவர்களைத் தாண்டி நடந்து வந்த கதை அது. 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் மீண்டும் நடந்தது அந்த அங்கத்தை நாட்டுக்கு நினைவூட்டுவதற்கே. அவர்கள் கண்ணில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் குடியுரிமையைப் பறித்த நாடு அது. 1964 ஒப்பந்தத்தால் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனவும் 3,00,000 பேரை இலங்கைக்கு எனவும் பங்கிட்ட நாடு அது. 2003 வரை எஞ்சியோரைக் காத்திருக்கச் செய்த நாடு அது.

இவ்விரு முதல் அங்கங்களும் உண்மையே. ஒன்றை மாத்திரம் பார்த்தவன் மற்றவனை அரக்கனாகக் காண்கிறான். நிலத்தைப் பறித்த அதே ஆட்சிதான் ஆளையும் கொண்டுவந்து சேர்த்தது என்பது, இரண்டையும் பார்த்தவனுக்கே தெரியும். அதனை மறைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் முதல் அங்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டி ஆதாயம் தேடியவர்களின் அரசியல் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை, 1983 ஜூலையில் எரிந்த பதுளை நகரம் அறியும்.

ஆகவேதான் படைப்பை அளக்க நாம் புதியதோர் அளவுகோலை முன்வைக்கிறோம். முதல் அங்கம் நம்மைக் கவர்ந்ததா என்பது சிறிய கேள்வி. முதல் அங்கத்தில் எவரைப் பார்க்கத் தவறினோமோ, அவரிடமிருந்து கதையை மீண்டும் தொடங்க அப்படைப்புக்குத் துணிவு உண்டா என்பதே பெரிய கேள்வி. ‘ஹைடி’ முதல் அங்கத்திலேயே காரணத்தைச் சொன்னது. ‘வின்லாந்து சாகா’ ஓரத்தில் ஓடியவனை நடுவில் கொணர்ந்தது. ‘டைட்டன்’ தன் குறைகளோடும் பகைவனின் பிள்ளையைக் காட்டியது. இவற்றைச் செய்யாத தொடர், முதல் அங்கம் எத்துணைப் பளபளத்தாலும், குதிரைமேல் ஏறியவன் இறங்காத கதையே.

மலையகத்தில் இப்பணியைச் செய்தவர்கள் இல்லாமலில்லை. ஹாலி-எலப் பகுதி ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தாம் படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் அவர்களில் முதன்மையானவர். ‘காலங்கள் சாவதில்லை’ நாவலும் அவர் எழுதிய எண்ணற்ற சிறுகதைகளும், கூடை சுமந்த அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று கதையைத் தொடங்கின. வெளியார் எழுதிய தோட்டக் கதைகளுக்கும் அவர் கதைகளுக்கும் உள்ள வேறுபாடு நடையழகில் மாத்திரம் இல்லை. பெரட்டுக் களத்தைப் பங்களா வாசலிலிருந்து பார்ப்பதற்கும் லயத்து வாசலிலிருந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். பாடசாலை இலக்கிய மன்றத்தில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குங்கள். தனித்தனியே காசு செலவிட வசதியற்ற பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து ஒரு தொடரின் முதல் அங்கத்தைப் பார்க்கட்டும். பார்த்து முடிந்ததும் நன்றாயிருந்ததா என்று கேட்காதீர்கள். இதில் உழைப்பவர் எவர், பெயர் சொல்லப்படாதவர் எவர், இக்கதை தொடங்குவதற்கு முன் நடந்தது என்ன என்று கேளுங்கள். தொடர் முழுவதையும் பார்க்க முடிந்தவர்கள் இறுதியில் முதல் அங்கத்தை மறுபடியும் பார்க்கட்டும். முதன்முறை காணாதது எது என்று எழுதட்டும். அதன் பின்னர், தம் வீட்டின் கதையை எழுதச் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கப்பலில் தொடங்குவார்களோ, மண்சரிவில் தொடங்குவார்களோ, அம்மா விமானமேறிய அன்று தொடங்குவார்களோ, நாம் அறியோம். அடுத்த தோட்டத்துக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் தன் கதையைத் தொடங்கி எழுதி, இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் ஒரு நாள் வருமாயின், ஊவாவின் உண்மையான முதல் அங்கம் அன்றுதான் எழுதப்பட்டதாகக் கொள்வோம்.